மலைக்கு மாட்டிய சட்டை

மேஸ்திரியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று தெருவில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நன்றாக வரும். ஒரு மலைச்சரிவு முழுக்கச் சொல்லியிருக்கிறாள், அதுவும் வாயைத் திறக்காமலே.

காட்டுத்தீ மலையைக் கரிக்கட்டையாக்கிவிட்டுப் போன கையோடு ஒரு சோப்புக் கம்பெனி வந்தது. காட்டை மீட்டுத் தருகிறோம் என்று பெரிய பலகை நட்டது. நட்டதில் அது ஒன்றுதான் இன்றைக்கும் ஜோராக நிற்கிறது. கன்று நட ஆள் சேர்க்கும் பொறுப்பு மேஸ்திரியம்மாவுக்கு. தெருப் பெண்களைத் திரட்டினாள். ஓரகத்தியையும் சேர்த்துக்கொண்டாள், சேர்க்காமல் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா? ஆடு கடிக்காமல் இருக்க ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைப் பெண்கள் 'சட்டை' என்றார்கள்.

எங்கேயோ நிழலில் செல்லமாக வளர்ந்து லாரியில் வந்திறங்கிய கன்றுகள் அவை. வெயில் பட்டதும் துவண்டன. கோடை முடிவதற்குள் முக்கால்வாசிச் சட்டைகளுக்குள் சுள்ளிதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கன்று பிழைத்திருந்தால்தான் எதிர்ச்சரிவிலும் வேலை. மேஸ்திரியம்மா ஒரு பொழுது யோசித்தாள். பிறகு செத்த கன்றுகளின் சட்டைகளைக் கழற்றி, எரிந்த வேர்க்கட்டைகளிலிருந்து தானாகத் துளிர்த்து நின்றவற்றுக்கு மாட்டச் சொன்னாள். கருகிய கட்டை தெரியாமல் மண்ணையும் அணைக்கச் சொன்னாள்.

"வரிசை கோணலா இருக்கே அக்கா," என்றாள் ஓரகத்தி.

"உன் புருஷன் எடுக்கிற வகிடு இதைவிடக் கோணல். அதைச் சகிச்சுக்கிட்டுத்தானே குடும்பம் நடத்துற?"

அதிகாரி வந்தார். சட்டைகளுக்கு மேலே எட்டிப் பார்த்த பச்சையைக் கண்டு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வெந்த மண்ணுல இப்படிப் பிழைச்சிருக்கே. உங்களுக்குக் கைராசிம்மா."

மேஸ்திரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இல்லாத கைராசியைப் புகழ்ந்தாலும் காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. அத்தோடு அவர் ஜீப் ஏறியிருந்தால் பேச ஒன்றுமில்லை. அவரோ எதிர்ச்சரிவைக் காட்டினார்.

"அங்கயும் இதையே நட்டுடலாம். மெஷினை விட்டு அந்தப் புதரை எல்லாம் வழிச்செடுத்துட்டா இடம் சுத்தமாயிடும்."

அவர் புதர் என்றது அதே துளிரைத்தான். சட்டை இல்லாமல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

பின்னால் நின்ற பெண்களுக்கு முகமெல்லாம் பல். வருஷம் பூராவும் வேலை. மேஸ்திரியம்மா தலையை ஆட்டினால் போதும். ஆட்ட வரவில்லை. தீ விட்டுவைத்ததை மெஷின் வழித்துவிடும். லாரிக் கன்று வழக்கம்போல் காயும். அப்புறம் சட்டை மாட்டக்கூட அங்கே ஒன்றும் இருக்காது. தன் பொய்யை நம்பித்தானே இந்த மனுஷன் மலைக்கு மொட்டை போடப் பார்க்கிறார்?

குனிந்து ஒரு சட்டையை உருவினாள். மண்ணைக் கையால் விலக்கினாள். கருகிய கட்டை தெரிந்தது.

"இது நாங்க நட்டதில்ல சார். நட்டது பெரும்பாலும் செத்துப்போச்சு. இது தானா வந்தது. அங்க நிக்கிறதும் இதேதான்."

"எல்லாரு சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அக்கா," என்று ஓரகத்தி பல்லைக் கடித்தாள்.

அதிகாரி திட்டவில்லை. கட்டையருகே உட்கார்ந்து துளிரைத் தொட்டுப் பார்த்தார்.

"எரிஞ்ச காடு தானாவே வரும்னு படிக்கிறப்பவே சொல்லிக் குடுத்தாங்க. ஆனா தானா வர்றதுக்குக் காசு குடுங்கன்னு கம்பெனியில எந்த முகத்தோட கேக்கறது?"

"கேட்டுப் பாருங்க சார். நான் இப்ப சொல்லலையா?"

கேட்டிருக்கிறார். மெஷின் வரவில்லை. நடவும் வரவில்லை. ஆடு மேயாமல் காவல் காக்க இரண்டு பேர் போதும் என்று பதில் வந்தது. ஒரு வேலையை மேஸ்திரியம்மா தானே எடுத்துக்கொண்டாள். தனக்கு மிஞ்சித்தானே தானம்? இன்னொன்று ஓரகத்திக்கு. வேலை போன பெண்கள், வீட்டுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொண்டார்கள் என்றார்கள். பொய்யென்று யார் சொல்ல முடியும்?

ஓரகத்தி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மலையில் பேச்சுத்துணைக்கு ஆட்டை விட்டால் அக்காதான் என்பதால் ஒரு சாயங்காலம் இறங்கும்போது வாயைத் திறந்தாள்.

"கடைக்குப் போனா என்னைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திடுறாங்க அக்கா."

"உனக்காவது நிறுத்துறாங்க. என்னைப் பார்த்தா சத்தமாப் பேசுறாங்க."

"ஓடைப் பக்கமாச் சுத்தி வீட்டுக்குப் போயிடலாமா?"

மேஸ்திரியம்மா ஓடைப் பாதையைப் பார்த்தாள். கீழே தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்குச் சுத்தினா தினமும் சுத்தணும்," என்று நேர்வழியிலேயே இறங்கினாள்.

ஓரகத்தியும் வந்தாள். கொஞ்சம் தள்ளித்தான் வந்தாள்.