ஈரக் கம்பளி

"அங்க ஆஸ்பத்திரி இருக்கு, ஆட்டோ இருக்கு, மெஹராஜ் அக்கா இருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வேணாம் மாமா."

"பெறகு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?"

"வெயிலு."

கோம்பைப்பாறை மலையிலிருந்து இறங்கி வந்த அன்று, திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஈஸ்வரனும் பவித்ராவும் பேசியது இவ்வளவுதான். மனசில் இருந்ததைப் புருஷனிடம் அவள் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோம்பைப்பாறைக்கு ரோடு கிடையாது. ஊராட்சி என்று பேர் இருக்கிறது, தேர்தலுக்குக் குதிரைமேல் ஓட்டுப்பெட்டி ஏறுகிறது, ஜீப் ஏறாது. அதனால் ஊரார் சேர்ந்து திண்டுக்கல் பேகம்பூரில், மெஹராஜ் வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், மனு கொடுக்க வருகிறவர்கள், காப்பிக்கொட்டை விற்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் தங்கல். எட்டாம் மாசம் பிறந்ததும் பிள்ளைத்தாச்சியை அங்கே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது போன வருஷம் ஊர் போட்ட கட்டுப்பாடு.

கட்டுப்பாடு வந்ததே பவித்ராவால்தான். போன வருஷம் முதல் பிள்ளைக்கு அவளுக்குப் பாதி வழியில் வலி முற்றியது. கம்பில் கம்பளியைக் கட்டிய டோலியில் சுருண்டு கிடந்தாள். முன்கம்பு ஈஸ்வரன் தோளில். சரிவில் முன்னால் பிடிக்கிறவன் திரும்பக் கூடாது. திரும்பினால் எல்லோரும் பள்ளத்தில்தான். அவள் கூப்பிடக் கூப்பிட, "இந்தா வந்தாச்சு, இந்தா வந்தாச்சு" என்று பாதையைப் பார்த்தே சொல்லிக்கொண்டு நடந்தான். பிள்ளை தங்கவில்லை. அவன்மேல் குற்றமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் வேர்வையில் நனைந்த அந்த முதுகுதான் வந்து நின்றது.

இப்போது இரண்டாவது பிள்ளைக்கு அவளைப் பின்கட்டில் விட்டுவிட்டு ஈஸ்வரன் மலையேறி ஒரு வாரமாகிறது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் வாசலுக்குப் போனாள், திரும்பினாள், குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தாள்.

"ஏ புள்ள, செத்த நேரம் உக்காரேன்" என்றாள் மெஹராஜ். "நீ நடந்த நடைக்கு இந்நேரம் உங்க மலைக்கே போய்ச் சேந்திருக்கலாம்."

அன்று மத்தியானம் வந்த ஆட்டோவில் நீளக் கம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஈஸ்வரன் இறங்கினான். காட்டுமாடு முட்டிக் காலொடிந்த ஜக்கம்மாளைத் தூக்கி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூடத் தூக்கிய மற்ற மூவரும் சாயங்கால பஸ் வரைக்கும் ஜக்கம்மாளோடு இருந்தார்கள். ஈஸ்வரனின் தோளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எப்படி இருக்க?"

"இருக்கேன். தங்குவீங்களா?"

"எங்கிட்டுத் தங்க? குளிச்சிட்டுச் சாயங்கால பஸ்ஸப் பிடிக்கணும். கம்பும் கம்பளியும் ராத்திரி கீழ தங்கக் கூடாதுல்ல. ஊருக்கே இது ஒண்ணுதான். கூடத் தூக்குற தங்கமுத்துவும் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். இப்ப இருக்கறதே நாலு தோளு."

அவன் குளிக்கப் போனான். கம்பளியின் நடுவில் ஜக்கம்மாளின் ரத்தம் காய்ந்திருந்தது. ஈரத்துணியால் கறையை மட்டும் துடைத்து அனுப்புவதுதான் வழக்கம். முழுக்க நனைத்தால் அந்த ஆட்டுமயிர்க் கம்பளி லேசில் காயாது, தூக்கவும் முடியாது. மலையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். பவித்ரா அதை அப்படியே அள்ளித் துணி துவைக்கும் தொட்டியில் போட்டு, சோப்புத்தூளைக் கொட்டி, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"என்ன காரியம் பண்ற?" என்றாள் மெஹராஜ்.

"ரத்தமா இருக்குக்கா."

"ரத்தத்துக்கா முக்குன?"

பவித்ரா இன்னும் ஆழத்துக்கு அமுக்கினாள். மெஹராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த ஈஸ்வரன் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றான். "ஏ பவி, ஒனக்கென்ன கிறுக்கா? ராத்திரி மேல யாருக்காவது ஒண்ணுன்னா என்னத்தக் கட்டித் தூக்க?"

"வேட்டியக் கட்டித் தூக்குங்க."

"வேட்டி ஆளத் தாங்குமா? நீயே கெடந்து வந்தவதான, தெரியாதா ஒனக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோபம் இறங்கிவிட்டது. குனிந்து கம்பளியை வெளியே இழுத்தான். நீர் கோத்து அது ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தது. ஒரு முனையைப் பிடித்துத் தனியாக முறுக்கப் பார்த்தான். மறுமுனை தரையில் வழுக்கியது. பவித்ரா அதைக் கையில் எடுத்தாள்.

"விடு, நீ பிடிக்காத."

"சும்மா பிடிச்சுக்கிறேன். நீங்க முறுக்குங்க."

அவன் முறுக்கினான். கலங்கிய தண்ணீர் இரண்டு பேர் காலிலும் ஓடியது. முறுக்க முறுக்கக் கம்பளி சுருங்கி, இருவரையும் கிட்டக் கொண்டுவந்தது. அவன் மூக்கில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படியே ஈரமாத் தூக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்" என்றான் தனக்குத்தானே. "நான் தங்கிட்டுக் கம்பளிய அவனுகள்ட்டக் குடுத்து விட்டாலும் தோளு ஒண்ணு கொறையுமே."

பவித்ரா முனையை விடவில்லை.

"கொறையட்டும் மாமா. கம்பளி போகட்டும், நீங்க போகாதீங்க. அன்னிக்கு வழி பூரா உங்க முதுகத்தான் பாத்தேன். இந்தப் புள்ள பொறக்குறப்ப எனக்கு உங்க மொகம் வேணும். அதுவரைக்கும் எங்கூட இருங்க."