ஆயிரத்து ஒன்பதாம் நம்பர்க்காரி

கதவு வெட்டும் மெஷின் காலை பத்தரை மணிக்கு வேலையை நிறுத்திக்கொண்டது. படத்தைச் சேமிக்க இடமில்லை என்று திரையில் சிவப்பாக ஒரு வரி. கதவு என்ன அளவு, பள்ளம் எங்கே, பூட்டுத் துளை எங்கே என்று படம் போட்டு சர்வரில் வைத்தால்தான் மெஷின் அதைப் பார்த்து வெட்டும். சர்வரோ வயிறு முட்டிப்போய் உட்கார்ந்திருந்தது.

மெஷின் முன்னால் நின்றவளைப் பட்டறையில் எல்லாரும் உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷம் பலகை தேய்த்தவள். அவள் தும்மினால் மரத்தூள்தான் வரும் என்று கேலி செய்வார்கள். அதில் பாதி நிஜம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு இனிமேல் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். முதலாளியை ஒரு மாதம் நச்சரித்து மெஷின் அறைக்கு வந்தாள். இன்றோடு பதினெட்டு நாள். முப்பது நாள் பார்ப்பேன், சரிப்பட்டு வராவிட்டால் பழையபடி தேய்ப்பு ஷெட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முதலாளி கெடு வைத்திருந்தார்.

சர்வரைக் கவனிக்கிறவர் வந்தார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு கேபிள் துண்டு தொங்குவதால் அவருக்கு வயர் என்று பெயர். பின்னாலேயே முதலாளி.

"யாரோ குப்பையைக் கொண்டுவந்து கொட்டியிருக்காங்க," என்றார் முதலாளி. "யாருன்னு கண்டுபிடி. எனக்குப் பேர் வேணும்."

"ரெண்டு நிமிஷம் முதலாளி. ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரன் இருப்பான். ஆள்வாரியா தேடச் சொல்லி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா அதுவே புட்டுப் புட்டு வச்சிடும்."

வயர் கறுப்புத் திரையில் நாலைந்து வரி தட்டினார். ஃபைண்ட் என்கிற கட்டளைக்கு ஒரு ஆளின் பெயரைக் கொடுத்தால், அந்த ஆளுக்குச் சொந்தமான ஃபைல்களை மூலை முடுக்கெல்லாம் தேடி எடுக்கும். பட்டறையில் சர்வர் கணக்கு வைத்திருக்கிற ஒன்பது பேரையும் அது வரிசையாகத் தேடியது. எட்டுப் பேருக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வந்தது. கடைசிப் பெயருக்கு வந்ததும் திரை கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு எண் விழுந்தது. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

அந்தப் பெயர் உப்புத்தாளுடையது.

அவள் திரையை எட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். தன் பெயரைப் படிப்பதில் மட்டும் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது.

"நான் போட்டது மொத்தமே இருபத்து மூணு படம் முதலாளி."

"பெட்டி பொய் சொல்லுமா?" முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பதினெட்டு நாள்ல சர்வரையே முழுங்கிட்டியேம்மா. போதும். நாளையிலேருந்து ஷெட்டுக்கே போயிடு."

அவளுக்கு நெஞ்சு இப்போதே இறுகுவதுபோல் இருந்தது. அழுதால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வயர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த ரூமுக்கு வந்தப்போ எனக்கு ஏழாம் நம்பர் லாக்கர் குடுத்தாங்க. திறந்தா உள்ள நாத்தம் புடிச்ச சாக்ஸ் நாலு ஜோடி. லாக்கர் என்னுதுன்னா சாக்ஸும் என்னுதா?"

"சாக்ஸுக்கும் இதுக்கும் என்னம்மா..." என்று ஆரம்பித்த வயர் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். சட்டைப்பைக் கேபிளை உருவி விரலில் சுற்றினார்.

"என்னய்யா?" என்றார் முதலாளி.

"முதலாளி, கம்ப்யூட்டர் ஃபைல் மேல ஆள் பேரை எழுதி வைக்காது. நம்பரைத்தான் எழுதும். இவங்க நம்பர் ஆயிரத்து ஒன்பது."

"சரி, அதனால?"

"இவங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. அவர் போனதும் அவர் பேரை அழிச்சேன். ஃபைலை அப்படியே விட்டுட்டேன். இவங்க வந்ததும் காலியா இருந்த அந்த நம்பரை சிஸ்டமே தூக்கி இவங்களுக்குக் குடுத்திருக்கு. நான் பாக்கலை."

"அப்ப குப்பை ஒருத்தன் போட்டது, பேர் இன்னொருத்திக்கு?"

"இருங்க, தேதியைக் கேட்டுப் பாத்துடறேன்."

அதே கட்டளையை மறுபடி எழுதினார். ஆள் உப்புத்தாள்தான், ஆனால் அவள் மெஷின் அறைக்கு வந்த நாளுக்கு அப்புறம் உண்டானவை மட்டும் வேண்டும். பட்டனைத் தட்டினார். இந்த முறை திரை யோசிக்கவே இல்லை. இருபத்து மூன்று.

உப்புத்தாள் விட்ட மூச்சில் மேஜை மேலிருந்த தாள் நகர்ந்தது.

முதலாளியின் கோபத்துக்கு வந்த வழியிலேயே திரும்பிப் போக மனசில்லை. வேறு இடம் தேடியது. "அப்ப எவன் அவன்? திற ஒண்ணை. எந்தத் தடியன் என் சர்வர்ல குடித்தனம் பண்ணியிருக்கான்னு பாக்கறேன்."

"வேண்டாம் முதலாளி. அழிச்சிட்டாப் போச்சு."

"திறய்யா."

வயர் திறந்தார். முதலில் ஒரு சண்டைப் படம். அடுத்ததும் சண்டைப் படம். அதற்கடுத்து ஐந்நூறு பாட்டு. பிறகு போட்டோக்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கார் மேல் சாய்ந்துகொண்டு, கார் முன்னால் குந்திக்கொண்டு, காருக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு.

"யார்றா இந்தக் கோமாளி? கார் நம்ம கார் மாதிரியே இருக்கு," என்று முதலாளி குனிந்தார். குனிந்தவர் நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தொழில் பழகட்டும் என்று மூன்று மாதம் அவரே கூட்டிவந்து உட்கார வைத்த மாப்பிள்ளை அது.

வயர் கேபிளை மறுபடி சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"அவரு," முதலாளி தொண்டையைச் செருமினார், "அவரு எப்பவும் கலை ஆர்வம் உள்ளவரு."

"ஆமாங்க," என்றார் வயர் தரையைப் பார்த்து. "அழிச்சிடட்டுமா?"

"அடப் பாவி, பொண்ணு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. வேற டிஸ்க்ல எடுத்து வை."

"வைக்கிறேன். ஆனா யாராவது ஒருத்தர் பேர்ல இருக்கணுமே."

"எம் பேர்ல வேணாம்," என்றாள் உப்புத்தாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அதை மாத்தின அப்புறம்தான் நான் மெஷினைத் தொடுவேன்."

முதலாளி வயரை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்காம நம்பர் குடுத்தது நீதானே? உன் பேர்லயே போட்டுக்க."

"முதலாளி, என் வீட்டுக்காரி பாத்தா..."

"கலை ஆர்வம்னு சொல்லு."

வயர் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு மாற்றித் தன் பெயரில் போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை முதலாளி எங்கேயும் போகவில்லை. யாரும் எட்டிப் பார்க்காதபடி கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"முதலாளி, என் கெடுல இன்னும் பன்னெண்டு நாள் பாக்கி இருக்கே," என்றாள் அவள்.

"அதையும் மாப்பிள்ளை தின்னுட்டுப் போயிட்டாரு. இனிமே இந்த ரூம்லயே இரு." வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்த விஷயம் வீட்டுக்குப் போகக் கூடாதும்மா."

"எந்த விஷயம் முதலாளி?" என்று கேட்டபடி அவள் மெஷின் பொத்தானை அழுத்தினாள். அவர் சொன்ன பதில் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.