அடங்காத ஐடிலிங்

கார் நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை. ஜெஸ்ஸிக்குத் தலைக்குள் யாரோ அம்மி கொத்துவது போலிருந்தது.

திண்டுக்கல்லில் அவளும் கணவன் பிரின்ஸும் பெண்களுக்காக நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு இந்த ஒரு கார்தான் உண்டு. பழைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி. கொஞ்ச நாளாக ஐடிலிங், அதாவது சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஏறிக் கிடக்கிறது. நேற்று ஒரு புதுப் பெண் கிளட்ச்சை விட்டதும் தானாகப் பாய்ந்து, பூ மார்க்கெட் முன்னால் ஒரு சம்பங்கிக் கூடையை நசுக்கிவிட்டது. நாளை இங்கே பழகும் மணிமேகலைக்கு லைசென்ஸ் டெஸ்ட். தேறினால் சின்னாளபட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. இல்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும். இப்படிக் கத்துகிற வண்டியை இன்ஸ்பெக்டர் டெஸ்ட் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்.

மெக்கானிக் ஆனந்த்ராஜ் காலையிலிருந்து மல்லுக்கட்டினான். காற்று எங்கே திருட்டுத்தனமாக நுழைகிறதென்று ரப்பர் குழாய்களின் மேல் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தான். ஒன்று வெடித்திருந்தது, மாற்றினான். சத்தம் குறையவில்லை. ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைத் துடைத்தான். இன்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சாரையும் மாற்றினான். அந்தச் சனியன் முன்னைவிடக் கூடக் கத்துவதாகத்தான் ஜெஸ்ஸிக்குத் தோன்றியது.

"ஏன் தம்பி, நீ வேலை பாக்குறியா, பொழுத ஓட்டுறியா?"

"செத்த நேரம் பொறுங்கக்கா." டார்ச்சை அடித்துக் குனிந்தவன் அப்படியே நின்றான். "இந்த ஸ்க்ரூவ யாரு திருகுனது? கம்பெனியில அளவு வச்சு, பெயிண்டால அடைச்சு விட்டது, இதத் தொடவே கூடாது. ஆக்சிலரேட்டர எந்நேரமும் மிதிச்ச மாதிரியே வச்சிருக்காக."

ஜெஸ்ஸி திரும்பினாள். பிரின்ஸ் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"நான்தான்," என்றான். "புதுசா வர்ற பொம்பளப் புள்ளைக கிளட்ச்ச விட்டாலே வண்டிய அணைச்சுப்புடுதுக. பின்னால லாரிக்காரன் ஆரனடிச்சா அழுதுக. அதான் லேசா ஏத்திவிட்டேன். அப்புறம் ஒருத்தியும் அழல."

"காலையில இருந்து நாங்க இங்கன கெடந்து சாகுறோம், நீங்க வாயத் தொறக்காம டீ குடிக்கிறீக!" என்று பாய்ந்தாள் ஜெஸ்ஸி.

ஆனந்த்ராஜ் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருகினான். கார் கப்சிப்பென்று அடங்கியது. அப்பாடா என்றிருந்தது ஜெஸ்ஸிக்கு. வாசலில் காத்திருந்த மணிமேகலையைக் கூப்பிட்டாள்.

மணிமேகலை முதல் கியரைப் போட்டு, எப்போதும் போலக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டாள். கார் குலுங்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி அணைந்தது. நேற்றுவரை ரயில்வே மேம்பாலத்தில் அலுங்காமல் ஏறி இறங்கியவள், வாசலைத் தாண்ட முடியாமல் வியர்த்து வழிந்தாள்.

"நாளைக்கு மட்டும் ஏத்திவிடவாக்கா?" என்றான் ஆனந்த்ராஜ், ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி.

"அந்தக் கத்தலுக்கு உள்ளயே விடமாட்டாகடா. விட்டாலும், நாளைக்கழிச்சு வேன்ல புள்ளைகள ஏத்திக்கிட்டு என்ன செய்வா?"

மணிமேகலை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினாள். "அக்கா, அப்ப இம்புட்டு நாளா வண்டிய ஓட்டுனது நான் இல்லையா?"

பிரின்ஸ் தலையைத் தொங்கப்போட்டான். ஜெஸ்ஸி சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"கிளட்ச்ச மெல்ல விடும்மா," என்றாள், முதல் நாள் வந்தவளிடம் சொல்வது போல.