பட்டாபி எழுதின சீட்டு

கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பட்டாபிக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்தத் திமிர்தான் அவனைக் கல்லாற்றில் கட்டிப்போட்டது.

முதலுதவி வகுப்பின் கடைசிப் பரீட்சை அன்று. காட்டில் அடிபட்டுக் கிடப்பவனுக்குக் கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கி வர வேண்டும். அடிபட்டவன் வேஷம் பட்டாபிக்கு. என்ன காயம் என்று சீட்டில் எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொன்னார் மாஸ்டர். 'தொடையெலும்பு முறிவு, மண்டையில் அடி' என்று நிறுத்தினால் அவன் கச்சேரியில் மனு எழுதும் குமாஸ்தாவா? 'பிதற்றுவான். ஆறு பெருகுகிறது, கட்டை அவிழ் என்று கூச்சலிடுவான். அவிழ்க்கலாகாது' என்றும் சேர்த்தான். மாஸ்டர் மெச்சினார். இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டுப் போட்டவன் சாலைத் தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நெல்லையப்பன். கம்பி முறுக்கிப் பழகின கை. கால்களை மூங்கில் சிம்போடும் கைகளை உடம்போடும் சேர்த்து இறுக்கி, ஆற்றோரப் பாறையிடுக்கில் கால் கீழே, தலை மேலே இருக்கச் சரிவாகக் கிடத்தினான். பிறகு மேலே ஏறி, ஸ்ட்ரெச்சர் வரும் பாதையைப் பார்த்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஆறு இறங்கி வரும் பொன்முடி மலைப் பக்கம் வானம் கறுத்தது. இங்கே நல்ல வெயில். ஆனால் காலடியில் ஓடிய தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது.

"ஓய் நெல்லையப்பன்! தண்ணி ஏறறது ஓய்! கட்டை அவுத்துவிடும்!"

"கொள்ளாம் சாமி, பிரமாதம்! எழுதினபடிக்கே சொல்லுதீரே!"

"நெஜமாச் சொல்றேன் ஓய்! விஜயத்து மேலே சத்தியம்!"

"நடிப்புக்கும் ஒரு அளவு வேணும்லா? வீட்டம்மாவை ஏன் இழுக்கீரு?"

குதிகால் நனைந்தது. வேட்டி நனைந்தது. கத்தக் கத்த மேலே சிரிப்புத்தான் கேட்டது. தன் கையெழுத்தே தன்னைக் கொல்லப்போகிறது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையில்தான் மாஸ்டர் முதல் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. கத்துகிறவனுக்கு உயிர் இருக்கிறது; சத்தம் நின்றுபோனவனிடம் முதலில் ஓடு.

பட்டாபி வாயை மூடினான். தண்ணீர் இடுப்புக்கு ஏறும்போது வாயை மூடிக் கிடப்பது லேசா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"சாமி?"

பதில் சொல்லத் துடித்த நாக்கை அடக்கினான்.

"என்ன சாமி, சத்தத்தையே காணோம்?"

தண்ணீர் விலாவைத் தொட்டது.

"சாமீ!"

நெல்லையப்பன் தடதடவென்று இறங்கி வந்து இடுப்பளவு நீரில் விழுந்தான். "யம்மா! தண்ணி!" என்று அலறினான். நனைந்து இறுகிப்போன முடிச்சுகளைப் பேனாக்கத்தியால் அறுத்து, பட்டாபியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். திரும்பிப் பார்த்தபோது அந்த இடுக்கே தெரியவில்லை.

"சாமி, நான் பாவி. நீரு எழுதினதை நம்பி, சொன்னதை நம்பாமப் போயிட்டேனே" என்று நெல்லையப்பன் விம்மினான்.

பட்டாபி தன் நெஞ்சிலிருந்த ஈரச் சீட்டைப் பிய்த்து, அவன் சட்டையில் குத்தினான்.

"இனிமே நீர் என்ன பிதற்றினாலும் எனக்குக் கேக்காது ஓய்."

சொல்லிவிட்டு அவன் தோளிலேயே சாய்ந்து அழுதான்.