ஜாலான் மெலூரின் கடைசி வீடு

பன்னிரண்டு நிமிடமாகியும் வாளி பாதிகூட நிறையவில்லை.

நிரோஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஏழு ஐம்பது. கூட்டம் இரண்டரை மணிக்கு. அதற்குள் இந்தக் குழாய் ஏன் இப்படி அழுது வடிகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

அவள் வந்தது ஒரு புகைப்படத்துக்காக மட்டும்தான். ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் ஏறிப் போகும் தெரு, ஜாலான் மெலூர். நாற்பத்தொரு வீடுகள். தெருவின் அடிவாரத்தில் முப்பது மாடியில் இரண்டு புதுக் கட்டடங்கள் வேலை முடிந்து நிற்கின்றன. நானூற்று எண்பது குடும்பங்கள் சாவிக்காகக் காத்திருக்கின்றன. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. தெருவில் ஏற்கெனவே ஓடும் குழாயிலிருந்தே அவர்களுக்கும் தண்ணீர் கொடுக்கலாமா? இல்லை, புதுக் குழாயும் பம்ப் நிலையமும் போட்ட பிறகுதான் கொடுக்க வேண்டுமா?

இருக்கிற குழாயே போதும் என்று சோதித்து, அறிக்கை எழுதி, கையெழுத்தும் போட்டவள் நிரோஷா. இன்று மதியம் அந்த அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால், தாசேக் கெலுகோரில் வரப்போகும் பெரிய குழாய்த் திட்டத்துக்கு அவள்தான் தலைமைப் பொறியாளர். முதலாளி கந்தப்பு வாக்குக் கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் காட்ட, தெருவின் உச்சியிலிருந்து ஒரு படம் எடுக்க ஏறி வந்தாள். கடைசி வீட்டு வாசலில் இந்த வாளியைக் கண்டு நின்றுவிட்டாள்.

"என்ன மிஸ், எங்க வீட்டு வாளி அவ்ளோ அழகாவா இருக்கு? அத போயி அப்படி பார்க்கிறீங்க?"

வீட்டுக்காரி ஜெகதீஸ்வரி கையில் இடியாப்ப உரலோடு வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். உள்ளே இடியாப்பத் தட்டுகளிலிருந்து ஆவி பறந்தது. பாசார் சந்தையில் இரண்டு கடைகளுக்கு அவள் வீட்டு இடியாப்பம்தான் போகிறது.

"அக்கா, தினமும் இப்படித்தான் வருதா?"

"காலையில அஞ்சரையிலேருந்து ஒம்பது வரைக்கும் இப்படித்தான் லா. கீழ் வீட்டுக்காரங்க குளிச்சி, துணி தொவச்சி, ஸ்கூலுக்குப் போயி முடிக்கணும். அப்புறம்தான் மேல ஏறும். அதான் ராத்திரியே தோங்ல புடிச்சி வச்சிக்கிறது." வாசலோரம் மூடி போட்டு நின்ற மூன்று நீல நிறத் தோங்குகளை, இடுப்புயரப் பீப்பாய்களை, காட்டினாள்.

"கம்ப்ளெயின் பண்ணலையா?"

"எதுக்கு? போன வருஷம் ஒரு பையன் பேப்பர் தூக்கிட்டு வந்து, தண்ணி ஓகேவான்னு கேட்டான். ஓகே லான்னு சொன்னோம். தோங்கு நெறைய இருக்கே!" என்றவள், நிரோஷாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே மிஸ்."

"இந்தப் பக்கம் நான் அதிகம் வந்ததில்லையே அக்கா."

"இல்ல, பார்த்திருக்கேன். ஞாபகம் வரும்."

நிரோஷாவின் மனம் அதில் இல்லை. அவளுடைய அறிக்கை ஒன்று சொன்னது, வாளி வேறொன்று சொன்னது. இதே வீட்டு வாசலில், இதே குழாயில், அழுத்தத்தைத் தானே குறித்துக்கொள்ளும் பதிவுப் பெட்டியை மூன்று நாள் பொருத்தி அளந்திருந்தாள். அழுத்தம் இரண்டே கால் பார் என்ற அளவுக்குக் கீழே ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. வரைபடத்தில் கோடு பரீட்சைத் தாளில் போட்டதுபோல அவ்வளவு நேராக இருந்தது.

"பக்கிரிசாமி அண்ணே! அழுத்த அளவிய எடுத்திட்டு வாங்க."

பக்கிரிசாமி வேனிலிருந்து இறங்கினார். முப்பது வருடம் குழாயோடு வாழ்ந்தவர். அளவியைத் திருகிவிட்டுக் குனிந்து பார்த்தார். முள் அரை பாரைத் தொட்டு நின்றது.

"மிஸ், பெட்டி பொய் சொல்லிடுச்சா, இல்ல பைப்பு பொய் சொல்லுதா?"

"கசிவு இருக்கும் அண்ணே. நடுவுல எங்கயோ தண்ணி போகுது. கேட்டுப் பாருங்க."

இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மூடியில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு பக்கிரிசாமி தெருவை மேலிருந்து கீழாக நடந்தார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் கம்பி சீறும். பூமிக்குள் அது எங்கே ஒளிந்திருந்தாலும் அவர் காதுக்குத் தப்பாது. நிரோஷா பின்னாலேயே போய் அடைப்பான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பாதி மூடிய அடைப்பான் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். திறந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. அறிக்கை பிழைத்துவிடும்.

ஒன்பது பத்துக்கு இருவரும் வியர்த்து வழிந்து மேலே திரும்பினார்கள்.

"சீறல் இல்ல மிஸ். சுத்தமான பைப்பு."

"அடைப்பான் எல்லாம் முழுசா தொறந்திருக்கு."

கசிவும் இல்லை, அடைப்பும் இல்லை. அப்படியென்றால் பதிவுப் பெட்டி பொருத்தியிருந்த மூன்று நாள் மட்டும் இந்தக் குழாய்க்கு என்ன வந்தது?

"உள்ள வாங்க, டீ குடிச்சிட்டு யோசிங்க. தோங்குத் தண்ணிதான், பயப்படாதீங்க" என்றாள் ஜெகதீஸ்வரி.

நிரோஷா உள்ளே போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நேரான கோடு திரையில் வந்தது. ஜெகதீஸ்வரி கோப்பையை நீட்டியவள், நீட்டிய கையோடு நின்றாள்.

"ஆங்! மோர்!"

"என்னக்கா?"

"மோர் ஊத்துன பொண்ணு நீங்க! தைப்பூசத்துக்கு, தண்ணிமலை ரோட்டுல, எங்க பந்தலுக்கு எதிர்த்தாப்புல. பச்சப் பந்தல். நாங்க மஞ்சப் பந்தல். எங்க பந்தல்ல நாங்களே சீராப் தண்ணி குடிச்சிக் குடிச்சி வாய் இனிச்சிப் போயி, ரோட்டத் தாண்டி வந்து உங்ககிட்ட மோர் வாங்கிக் குடிச்சோம். ஒருத்தி உங்ககிட்ட உப்புப் பத்தலன்னு சண்ட போட்டாளே, அது என் மவ ரூபினி!"

பக்கிரிசாமி சிரித்தார். நிரோஷா சிரிக்கவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட பெரிய கூட்டம் அவளுக்கு நினைவிருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சேர்ந்து போட்ட பந்தலில் அவள் மூன்று நாளும் நின்றாள். ரதம் புறப்பட்ட நாள், தைப்பூசம், ரதம் திரும்பிய நாள்.

"அக்கா, மஞ்சப் பந்தல்ல இந்தத் தெருவிலேருந்து எத்தன பேரு?"

"எத்தன பேரா? தெருவே அங்கதான். மொத நாளு விடியறதுக்கு முந்தி லோரியில அண்டா ஏத்திட்டுப் போனா, ரதம் திரும்பி கோயிலுக்குள்ள போன பொறவுதான் வீடு. சமையல், தூக்கம், குளியல் எல்லாம் அங்கதான். முப்பது வருஷமா அப்படித்தான்."

"அப்ப வீட்டுல?"

"நாய்தான் இருந்துச்சி" என்றாள் ஜெகதீஸ்வரி.

நிரோஷா கைப்பேசியை எடுத்தாள். பந்தல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றில் நின்றாள். மோர்க் குவளையோடு ஜெகதீஸ்வரி, பின்னால் இருபது முப்பது மஞ்சள் சட்டைகள். தைப்பூசத்தன்று காலை ஏழு நாற்பது. படத்தை மடிக்கணினியின் பக்கத்தில் வைத்தாள். அதே நாள், அதே நேரம். கோடு அசையாமல் கிடந்தது.

குழாயில் தண்ணீர் ஓடாமல் நின்றால் அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் இறங்கும். அவள் அளந்த மூன்று நாளில் யாருமே திறக்கவில்லை.

ஏன் அந்த மூன்று நாள்? அதையும் அவள் மறக்கவில்லை. எல்லா ஒப்பந்தக்காரர்களும் விடுப்பில் போனதால் பதிவுப் பெட்டி சும்மா கிடந்தது. மற்ற நாளில் அதற்குப் பெரிய வரிசை. பெட்டியைப் பொருத்திவிட்டு, "மிச்சத்த முருகன் பார்த்துக்குவான்" என்று பக்கிரிசாமி காவடிக்குப் போனார். அவள் மோர் ஊற்றப் போனாள். தாகத்தோடு வந்தவர்களுக்கு மூன்று நாள் குனிந்து குனிந்து ஊற்றினாள். அந்தக் கைகள் எந்தக் குழாயைத் திறக்காமல் வந்த கைகள் என்று யோசிக்கவே இல்லை.

பக்கிரிசாமி கோட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடக் கடவுளே. ஆள் இல்லாத வீட்ல அளந்திருக்கோம் மிஸ்."

நிரோஷா வெளியே வந்து கந்தப்புவைக் கூப்பிட்டாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கந்தப்பு கேள்விகளை அடுக்கினார்.

"பெட்டி பழுதோ?"

"இல்லை சார்."

"அளந்த கணக்கை நீர் மாத்தினீரோ?"

"இல்லை சார்."

"அப்ப என்ன பிள்ளை பிரச்சினை? அளந்தது உண்மை. எழுதினது உண்மை. பெருநாள் பாத்து அளக்கக் கூடாதெண்டு எங்கயாவது எழுதி இருக்கோ? நானூத்தி எண்பது குடும்பம் வாடகை வீட்டுல இருந்து சாவிக்குக் காத்துக்கொண்டு நிக்குது. பம்ப் நிலையம் எப்படியும் வாரியத்தின்ட திட்டப்படி மூண்டு வருஷத்தில வரத்தான் போகுது."

"அந்த மூணு வருஷம் மேல் வீட்டுக்காரங்க?"

"தோங்கு வச்சிருக்கினம் எண்டு நீரே சொன்னீர்." குரல் இறங்கியது. "நிரோஷா, உம்மட அப்பாவோட ஒண்டாப் படிச்சவன் நான். கெட்டது சொல்லமாட்டன். இண்டைக்கு அந்த மேசையில பிழை எண்டு சொன்னா, தாசேக் கெலுகோருக்கு எங்கட மற்ற இஞ்சினியர் கார்த்திகன்தான் போவான். அவனும் கெட்டிக்காரன்தான். யோசிச்சுச் செய்யும்."

தொடர்பு அறுந்தது. அவள் திரும்பினாள். ஜெகதீஸ்வரி வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அந்தப் புது கட்டடத்துல பத்தொம்பதாவது மாடி எங்க ரூபினிக்கு" என்றாள் மெதுவாக. "கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம். அவளும் மருமவனும் ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்காங்க. சாமான் கட்டி வச்சிட்டா. பிளேட்டு, கரண்டி எல்லாம். வெளக்கு ஏத்த நாள்கூட பார்த்தாச்சி."

இந்தத் தெருவுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நியாயம், அந்தப் பக்கம் பேராசை என்று வைத்துக்கொண்டிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் நின்றது.

"நான் சொன்னா, பம்ப் நிலையத்த மொதல்ல அவசரமா கட்டணும், அவங்க வீடு தள்ளிப் போகும் அக்கா. ஆறு மாசம், எட்டு மாசம். சொல்லலன்னா, கீழ நானூத்தி எண்பது வீடு குடிச்ச பொறவு காலையில உங்க பைப்புல காத்துதான் வரும். நீங்க என்ன சொல்றீங்க?"

ஜெகதீஸ்வரி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"நல்லா கேக்கிறீங்களே மிஸ். பெத்த மவ வீடா, பொழப்புக்குத் தண்ணியான்னு என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன்? படிச்சது நீங்க. கையெழுத்துப் போட்டது நீங்க. அத என் தலையில கட்டாதீங்க." அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

வேன் மலையிறங்கும்போது பக்கிரிசாமி வழக்கமாகப் போடும் பாட்டைப் போடவில்லை.

இரண்டரை மணி. குளிர் ஏற்றிய அறை. நீள மேசைக்கு மறுபுறம் தண்ணீர் வாரியத்துக்காகத் தலைமை தாங்கிய புவான் நோர்மா அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்திருந்தார். பக்கத்தில் கந்தப்பு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிரோஷா எழுந்தாள்.

திரையில் முதலில் அந்த நேரான கோடு வந்தது. அடுத்து பந்தல் படம்.

"எல்லாரும் மஞ்சள் போட்டிருக்கிறார்களே. யார் இவர்கள்?" என்று மலாயில் கேட்டார் புவான் நோர்மா.

"ஜாலான் மெலூர்க்காரர்கள். நான் அளந்த குழாயின் சொந்தக்காரர்கள். அளந்த மூன்று நாளும் இந்தப் பந்தலில் இருந்தார்கள்." அவள் திரையில் மோர்க் குவளையைத் தொட்டுக் காட்டினாள். "மோர் ஊற்றியது நான்தான். அறிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாதாரண ஒரு வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும்."

புவான் நோர்மா பேனாவை மூடினார். கந்தப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார். அவர் திட்டவில்லை. மறுநாள் காலை தாசேக் கெலுகோர் கோப்பு அவள் மேசையிலிருந்து கார்த்திகன் மேசைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை. பெருநாளும் இல்லை, பள்ளி விடுமுறையும் இல்லை. காலை ஆறே முக்காலுக்கு நிரோஷாவும் பக்கிரிசாமியும் கடைசி வீட்டு வாசலில் பதிவுப் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நாள்காட்டியை இருவரும் மூன்று தடவை சரிபார்த்திருந்தார்கள்.

தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து நிறுத்தினாள். இடியாப்பப் பொட்டலம் வாங்க அம்மா வீட்டுக்கு வந்த ரூபினி. அவளுக்கு நிரோஷாவை அடையாளம் தெரிந்தது.

"எட்டு மாசமா மிஸ்?"

"ஆறுல முடிக்கப் பார்ப்பாங்க. எட்டுகூட ஆகலாம்."

ரூபினி கீழே தெரிந்த கட்டடத்தைப் பார்த்தாள். பத்தொன்பதாவது மாடியை எண்ணுகிறாள் என்று நிரோஷாவுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"மோர்ல உப்பும் பத்தல" என்றாள் ரூபினி. பொட்டலத்தைக் கூடையில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அது கோபமா, கோபம் தணிந்ததா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் இல்லை.

ஜெகதீஸ்வரி காலித் தோங்கைக் குழாயடிக்கு உருட்டி வந்தாள். பெட்டியில் மினுக்கும் பச்சை விளக்கைக் கண்டதும் தயங்கினாள்.

"நீங்க அளக்கிறப்ப நான் புடிக்கலாமா? இல்ல ஒரு வாரம் தொறக்காம இருக்கணுமா?"

"புடிங்க அக்கா" என்றாள் நிரோஷா. "எப்பவும் போல புடிங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க. யாரும் எங்கயும் போயிடாதீங்க."