மூன்றாவது குழாய்

பைடிதல்லியின் கை என் கையில் இருந்தது. குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டு வந்த கை. தோல் சுருங்கிக் குளிர்ந்திருந்தது. உள்ளங்கையில் பஞ்சுக்குச்சியை வைத்தபோது முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"என்னை ஃபெயில் போட்டுருங்க மேடம்."

நான் நிமிரவில்லை. விரலிடுக்குகளில் குச்சியை உருட்டி எடுத்துக் குப்பியில் போட்டு மூடினேன். அவள் நகர்ந்தாள். அடுத்த கை வந்தது.

இறால் உரிக்கும் கூடத்தில் நூற்றிருபது பெண்கள். திங்கட்கிழமைதோறும் இருபது பேரின் கைகளைச் சோதிப்பது என் வேலை. இரண்டு நாள் இன்குபேட்டரில் வைத்து, தட்டில் முளைத்த புள்ளிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அளவுக்கு மேல் போனால் அந்தப் பெண் அன்றே வெளியே போய்விட வேண்டும். கேட்டால் ஒரு நாள்கூட லீவு தராதவர்கள், கையில் கிருமி என்றால் ஒரு நிமிடம்கூட உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். கார்டில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். இரண்டு விழுந்தால் வேலை போய்விடும். பைடிதல்லிக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. இறால் கொம்பு குத்திக் கட்டைவிரல் பழுத்திருந்த நேரத்தில் நான்தான் போட்டேன்.

அவள் கணவன் எர்ரய்யா வேராவலில் படகில் இருக்கிறான். ஸ்ரீகாகுளம் கடற்கரையில் பாதி ஆண்கள் அப்படித்தான், குஜராத்துப் படகுகளில். மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஊர் திரும்புவார்கள். போன தடைக்காலத்தில் படகுக்கு மரவேலை இருந்ததால் முதலாளி அவனை விடவில்லை. அவள் அவனைப் பார்த்து இருபது மாதமாகிறது. இப்போது தன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறான். செவ்வாய் வந்து வெள்ளி ராத்திரி ரயில். இங்கே காக்கிநாடாவுக்கு வந்து அவளைப் பார்க்கலாம்தான். ஆனால் கம்பெனி ஹாஸ்டலில் ஆண்களுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம், கேட் கம்பிக்கு வெளியே நின்று, வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க. அந்த ஞாயிறும் அவனுக்கு இல்லை.

கூடத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவள் பக்கத்து மேசை நூகாலம்மா, "இருபது மாசமாச்சு, மூஞ்சி ஞாபகம் இருக்காடி? பந்தல்ல தம்பி பக்கத்துல போய் நின்னுடாத" என்பாள். மேசை முழுக்கச் சிரிக்கும். பைடிதல்லியும் சிரிப்பாள். சிரித்து முடிந்தபின் அவள் கை இறாலில் சற்று நேரம் அசையாமல் இருப்பதைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்காக மூன்று ரயில் மாறி வருகிறவர் யாருமில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின வாரம் நேரப்பதிவு இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் சட்டச் சுருக்கத்தைப் படித்துச் சொல்லும்படி கேட்டாள். அவளுக்குப் படிக்க வராது. இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று படித்தேன்.

"அப்ப அது என்னுதா?"

"உங்களோடதுதான் அக்கா."

அவள் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். லேப் தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தனியாகப் போகப் பயந்தாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் கூடப் போனேன். பணியாளர் அதிகாரி கார்டைப் பார்த்தார். ஏழு மாதம்தான் ஆகிறது, நாள் கணக்கு வரவில்லை என்றார். பைடிதல்லி இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதில் இன்னும் ஆறு கார்டுகள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் தருவார். எல்லோருக்கும் அப்படித்தான். வரிசையாக மேசையில் வைத்தாள். ஆறிலும் அவள் முகம், முதல் கார்டில் கொஞ்சம் குண்டாக.

அவர் கோபப்படவில்லை. "இவங்கெல்லாம் வேற வேற ஆளும்மா" என்று சொல்லி கார்டுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். நான் ஏதாவது பேசியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன்.

புதன் காலை, ஷிஃப்ட் தொடங்கும் முன் அவள் தட்டை எடுத்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. இருபது தட்டில் அது ஒன்றுதான் அப்படி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. எழுதினால் அவள் இன்று மதியம் ரயிலில் இருப்பாள். திரும்பி வர வேலை இருக்காது. பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பிறகு 'இல்லை' என்று எழுதினேன். அவள் வேலையைக் காப்பாற்றத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை.

அதை அவளிடம் சொல்லக் கூடத்து வாசலுக்கு வந்தபோது அங்கே சத்தம். கை கழுவும் வரிசையில், எப்போதும் நிற்கும் மூன்றாவது குழாயடியில் பைடிதல்லி நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளும் மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று இருந்தன. மருதாணி. ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு செடி உண்டு. சுவரில் இருக்கும் படத்தில் வளையல், நகப்பூச்சு, மருதாணி மூன்றுக்கும் குறுக்கே கோடு. மருதாணி போட்டவர் நிறம் போகும்வரை உள்ளே வரக்கூடாது. அதற்குக் கார்டில் சிவப்புப் புள்ளி என்று விதி எதுவும் இல்லை. யாரும் போட மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சூப்பர்வைசர் சூரிபாபு கத்தினார். "ஆறு வருஷமா இங்க இருக்க. ரூல் தெரியாதா உனக்கு?"

"ஆறு வருஷமா?" என்றாள் அவள். "கார்டுல ஏழு மாசம்தான சார் இருக்கு. புது ஆளு. தெரியல."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சூரிபாபு கேட்டைக் கை காட்டினார். பிறகு, போ, ஆனால் திரும்பி வரும்போது கேட் திறக்குமா என்று என்னிடம் கேட்காதே என்றார்.

அவள் தலைமுடியை மூடியிருந்த வலையைக் கழற்றினாள். நூகாலம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பிடிச்சிருக்கு. மாப்பிள்ளைக்குப் பாசம் ஜாஸ்தி."

"பாசமில்ல, ராத்திரி பூரா கையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

என்னைக் கடக்கும்போது நின்றாள். "என் தட்டுல என்ன வந்துச்சு மேடம்?"

"ஒண்ணுமில்ல அக்கா. சுத்தமா இருந்துச்சு."

கண்ணை மூடித் திறந்தாள். பிறகு சிவந்த கைகளை எதிலும் படாமல் முன்னால் தூக்கிப் பிடித்தபடி கேட்டை நோக்கி நடந்தாள். ஈரம் காய்ந்து எவ்வளவோ நேரமாகியிருக்கும்.

அவள் போய் இன்றோடு பன்னிரண்டு நாள், இன்னும் வரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து புதிதாக வர அவ்வளவு நாள்தான் ஆகும். நகத்தில் ஏறியிருந்தால் வெட்ட வெட்ட மாதக்கணக்கில் நிற்கும். நகங்களுக்கும் போட்டிருந்தாளா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். உள்ளங்கை மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

காலை வரிசையில் பெண்கள் இரண்டாவது குழாயிலிருந்து நேராக நான்காவதுக்கு நகர்கிறார்கள். யாரும் சொல்லி ஏற்பாடு செய்ததில்லை. நூகாலம்மா மட்டும் போகிற போக்கில் மூன்றாவதைச் சற்றே திறந்துவிடுகிறாள். நூல்போல் தண்ணீர் விழுகிறது.