பீங்கான் தட்டில் ஆற்றுத் தண்ணீர்

"உப்பு போடலையே ஏட்டி" என்று ஒரு வாய்க் கஞ்சியோடு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "தட்டை இங்கன கொண்டா" என்றார் சத்தியநேசன்.

"போட்டேங்க" என்று முணுமுணுத்தாள் ஞானசௌந்தரி. கஞ்சியையும் உப்பையும் யார் நினைத்தார்கள்! புருஷன் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது புழு கிடந்த அந்தப் பீங்கான் தட்டைக் கேட்கிறாரே!

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பிராணிகளைப் பற்றிப் பாடம் சொல்கிற மனிதர். தூத்துக்குடிக் கடலில் இடுப்பளவு நனைந்து, ஒரு சிப்பிக்கு அடியில் ஒரு தட்டைப்புழுவைப் பிடித்து வந்து, சிப்பியோடு பீங்கான் தட்டில் கடல் தண்ணீர் விட்டு வைத்திருந்தார். சோற்றுப் பருக்கை அளவுதான் இருக்கும். விளிம்பில் இரண்டு வரிசைக் கண்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத புதுச் சாதி என்று குதியாய்க் குதித்தார். சாராயத்தில் போட்டால் சுருண்டுவிடுமாம், உயிரோடு இருக்கும்போதே படம் எழுத வேண்டுமாம். அதற்குள் சளி நெஞ்சில் இறங்கி அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

நேற்று அவர் சன்னியில் பிதற்றிக் கிடந்தபோது தட்டுத் தண்ணீர் நாறியது. அவர் உயிராய்ப் பார்த்த புழுவாயிற்றே! பதறிப்போய் அதைக் கொட்டிவிட்டு, எந்த நோவுக்கும் ஊரே நம்பிக் குடிக்கிற தாமிரபரணித் தண்ணீரைக் குடத்திலிருந்து ஊற்றினாள். கடல் பிராணிக்கு அது விஷம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கண் முன்னாலேயே புழு உப்பி, கரைந்து, சளி மாதிரி மிதந்தது. தெரிந்தால் அந்த நிமிஷமே அவர் உயிர் போய்விடும், கொன்றவள் நானாவேன் என்று அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

தட்டைக் கொண்டுவந்தாள். தண்ணீர் சேலையில் சிந்தியது. படம் எழுத வந்திருந்த டிராயிங் வாத்தியார் வேதமுத்து எட்டிப் பார்த்தார். "எங்க மதினி..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"கண்ணு மங்குது" என்றார் சத்தியநேசன். தினமும் செய்கிறபடி தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். கடல் உப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான்.

"ஐயோ, வேண்டாங்க!"

விரலை வாயிலேயே வைத்துக்கொண்டு அவளையே வெகுநேரம் பார்த்தார். ஆண்டவரே, ஆண்டவரே என்று அவள் மனசுக்குள் ஜெபித்தாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். "பயப்படாத ஏட்டி. வேதமுத்து, அது சிப்பிக்கு அடியிலதான் கிடக்கும். நீரு பைய எழுதும் வே."

பள்ளிக்கூடத்து மத்தியான மணி அடித்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பியதும் வேதமுத்துவிடம் நடந்ததைச் சொல்லி அழுதாள். "காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சு அண்ணாச்சி. காலையில உப்பு போட்ட கஞ்சியையே உப்பில்லன்னாவ. தெரியாமலே போயிட்டாவ, அது போதும்."

"ஆமா மதினி" என்று அவர் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். படம் எழுதாத தாள் கட்டிலிலேயே கிடந்தது.

வீட்டைக் கழுவிவிட வாளியோடு வந்தாள். கட்டிலுக்கு அடியில் காலைக் கஞ்சிக் கிண்ணம் அப்படியே இருந்தது. எடுத்தவள், என்னவோ தோன்றி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பே இல்லை. விரலை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.